டிகிரி முடிச்சு மூணு வருஷம் ஆச்சு, தமிழ்நாட்டுல வேலை நியூஸ் உருப்படியா எங்க பாக்குறது?

ஜெயங்கொண்டம்_பொண்ணு
திங்கள், இரவு 10.42

எல்லாருக்கும் வணக்கம், இங்க புதுசு. பிஎஸ்சி மேத்ஸ் 2022ல முடிச்சேன், அரியலூர் மாவட்டம். இப்ப ஒரு ஜவுளிக்கடையில பில்லிங் பாத்துக்கிட்டு இருக்கேன், காலையில 9 மணிக்குப் போனா ராத்திரி 9 ஆயிடும், ஞாயித்துக்கிழமை கூட பாதி நாள். போன குரூப் 4 எழுதினேன், வரல. என் பிரச்சன என்னன்னா வேலை வந்த விஷயமே எனக்கு லேட்டா தான் தெரியுது. 11 டெலிகிராம் குரூப்ல இருக்கேன், ஒரு நாளைக்கு 200 மெசேஜ் வருது, எல்லாம் "உடனே அப்ளை பண்ணுங்க"ன்னு ராக்கெட் படம் போட்டு, உள்ள போனா அது போன வருஷ நோட்டிபிகேஷன், இல்லன்னா நாலு விளம்பரம் தாண்டி ஒண்ணுமே இருக்காது. போன மாசம் எங்க ஊர்ப்பக்கமே ஒரு ஆபீஸ்ல கம்ப்யூட்டர் ஆபரேட்டர் எடுத்தாங்களாம், எடுத்து முடிச்சப்புறம் தான் எனக்குத் தெரியும். எங்கம்மா எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்ல பதிஞ்சா லெட்டர் வரும் லெட்டர் வரும்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க. அதெல்லாம் இன்னும் வருதா? நீங்கல்லாம் வேலை நியூஸ் எங்க பாக்குறீங்க, சொல்லுங்க ப்ளீஸ்.

குரூப்ஃபோர்_வீரன்
திங்கள், இரவு 10.58

11 குரூப் தானா, நான் 34ல இருந்தேன் 😂 முதல்ல எல்லாத்துலயும் லெப்ட் ஆகுங்க சிஸ்டர். அட்மினுக்கு நீங்க வேலைக்குப் போறது முக்கியம் இல்ல, லிங்க்க தொடறது தான் முக்கியம். டிஎன்பிஎஸ்சி சைட்ல ஆனுவல் பிளானர்னு ஒண்ணு போடுவாங்க, எந்த எக்ஸாம் எந்த மாசம்னு அதுலயே இருக்கும். அத பிரிண்ட் எடுத்து பீரோ கதவுல ஒட்டிட்டேன், என் டெலிகிராம் அவ்ளோதான்.

வெட்டி_ஆபீசர்
திங்கள், இரவு 11.15

மூணு வருஷமா? பேசாம கல்யாணம் பண்ணிக்கோம்மா

குரூப்ஃபோர்_வீரன்
திங்கள், இரவு 11.16

@வெட்டி_ஆபீசர் உங்க பேருக்கேத்த பதில் சார்

பழைய_கிளார்க்
செவ்வாய், காலை 6.20

அம்மா சொல்றது தப்பில்லம்மா, அவங்க காலத்துல அது நெஜம். நான் வேலைவாய்ப்பு அலுவலகத்துல 31 வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவன், கொஞ்சம் நீளமா எழுதறேன், டீ வச்சுக்கிட்டு படி.

அப்பல்லாம் ஒரு டிபார்ட்மென்ட்ல நாலு டைப்பிஸ்ட் காலின்னா எங்களுக்குக் கடுதாசி வரும். நாங்க பதிவு மூப்புப்படி (யாரு முன்னாடி பதிஞ்சாங்களோ அவங்க முதல்ல) பேரு எடுத்து, கார்பன் வச்சு டைப் அடிச்சு அனுப்புவோம். அந்த லிஸ்ட்ல இருக்கிறவங்களுக்கு மட்டும் தான் இன்டர்வியூ கார்டு. அதனால தான் கார்ட சாமி படத்துக்குப் பின்னாடி பத்திரமா வச்சிருப்பாங்க. ஒரு அம்மா டிரங்குப் பெட்டியோட வந்து நின்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு, மகன் கார்டு எந்த மூட்டையில இருக்குன்னு தெரியலையாம், பெட்டியவே தூக்கிட்டு வந்துட்டாங்க. கவுன்டர் முன்னாடி தரையில உக்காந்து ஒவ்வொண்ணா வெளிய எடுத்து வச்சாங்க, கல்யாணப் பத்திரிகை, ரேஷன் கார்டு, தடுப்பூசி அட்டை, எல்லாத்துக்கும் அடியில அந்த கார்டு. புதுப்பிக்கிற தேதி தாண்டி ரெண்டு வருஷம் ஆயிருந்துச்சு. அவங்களுக்கு அத எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல.

இதுல ரொம்ப பேருக்குத் தெரியாத விஷயம் ஒண்ணு. 1959ல வந்த காலிப்பணியிட அறிவிப்புச் சட்டம் சொன்னது, வேலை காலி இருந்தா எம்ப்ளாய்மென்ட் ஆபீசுக்குத் தெரியப்படுத்தணும்னு மட்டும் தான். அங்க பதிஞ்சவங்களையே எடுக்கணும்னு அந்தச் சட்டத்துல எங்கயும் இல்ல. 1996ல சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்பு சொல்லுச்சு, எம்ப்ளாய்மென்ட் லிஸ்ட் மட்டும் போதாது, பேப்பர்லயும் விளம்பரம் கொடுக்கணும், பதியாதவனும் அப்ளை பண்ண வழி இருக்கணும்னு. அங்க இருந்து தான் லெட்டர் குறைய ஆரம்பிச்சது. வாத்தியார் வேலை கொஞ்ச நாள் பதிவு மூப்புல ஓடுச்சு, 2012ல டெட்னு ஆசிரியர் தகுதிப் பரீட்சை வந்தப்புறம் அதுவும் மாறிப் போச்சு. பதிஞ்சு வச்சவங்க எண்ணிக்கை ஒரு கட்டத்துல 70 லட்சத்தத் தாண்டுச்சு, அதுல லெட்டர் போனது எத்தன பேருக்குன்னு நீயே யோசிச்சுக்கோ.

ஆனாலும் பதியாம விட்றாத. டிரைவர், ஆபீஸ் அசிஸ்டென்ட் மாதிரி சின்ன சின்ன இடத்துக்கு இப்பவும் லிஸ்ட் கேக்குறாங்க. நீ ஸ்கூல்ல படிச்சப்பவே மார்க் ஷீட்டோட சேத்து பதிஞ்சிருப்பாங்க, நெறைய பசங்களுக்கு தான் பதிஞ்சிருக்கோம்ங்கிறதே தெரியாது. அந்த அட்டையில மாவட்டத்துக்கு மூணு எழுத்து, வருஷம், ஆணா பொண்ணாங்கிறதுக்கு ஒரு எழுத்து, அப்புறம் நம்பர்னு இருக்கும். அது தான் சைட்ல யூசர் ஐடி, பாஸ்வேர்டு உன் பிறந்த தேதி. மூணு வருஷத்துக்கு ஒரு தடவ புதுப்பிக்கணும், வீட்ல இருந்தே பண்ணலாம், காசு கிடையாது. டிகிரிய சேத்தியான்னு முதல்ல பாரு.

ஜெயங்கொண்டம்_பொண்ணு
செவ்வாய், காலை 8.05

ஐயா ரொம்ப நன்றி. இப்ப தான் உள்ள போய் பாத்தேன், பாஸ்வேர்டு நீங்க சொன்ன மாதிரியே. பிளஸ் டூ பதிவு இருக்கு, புதுப்பிச்சும் இருக்கு (யார் பண்ணாங்கன்னே தெரியல, அண்ணன் பண்ணிருப்பான்). ஆனா டிகிரி சேக்கவே இல்ல 🤦 மூணு வருஷமா இல்ல. அம்மாகிட்ட சொல்லல. அப்புறம் வேலை இல்லாதவங்களுக்கு மாசம் காசு தருவாங்களாமே, அது எப்படி?

பழைய_கிளார்க்
செவ்வாய், காலை 9.40

அது உதவித்தொகை. பத்தாவது பெயிலுக்கு மாசம் 200, பாஸுக்கு 300, பிளஸ் டூவுக்கு 400, டிகிரிக்கு 600, மூணு மாசத்துக்கு ஒரு தடவ பேங்க்ல போடுவாங்க, மூணு வருஷம் வரைக்கும். பதிஞ்சு 5 வருஷம் முடிஞ்சிருக்கணும், வீட்டு வருமானம் வருஷத்துக்கு 72,000 தாண்டக் கூடாது. மாற்றுத்திறனாளிகளுக்கு தனிக் கணக்கு, ஒரு வருஷம் முடிஞ்சாலே போதும், தொகையும் கூட, 10 வருஷம் வரைக்கும் வரும். உனக்கு டிகிரிய இன்னிக்கு சேத்தாலும் 600க்கு 5 வருஷம் காத்திருக்கணும், பிளஸ் டூ பதிவு உயிரோட இருக்கறதால அத வச்சு கேட்டுப் பாக்கலாம். ஆனா நீ தான் ஜவுளிக்கடையில வேலை பாக்குறியே, அப்புறம் எப்படி வேலை இல்லாதவ ஆவ? பொய் எழுதிக் கையெழுத்து போடாத.

குரூப்ஃபோர்_வீரன்
செவ்வாய், காலை 10.02

மாசம் 600 ரூபா, பிரவுசிங் சென்டர்ல மூணு அப்ளிகேஷன் போட்டா முடிஞ்சு போச்சு

நெல்லை_மச்சான்
செவ்வாய், மதியம் 1.30

தங்கச்சி, எல்லாரும் டிஎன்பிஎஸ்சி டிஎன்பிஎஸ்சின்னே சொல்லுதாவ, நான் வேற ஒண்ணு சொல்லுதேன் கேளு. நீ சொன்னேல்லா, ஊர்ப்பக்கத்துலயே ஆளு எடுத்தாவ தெரியாமப் போச்சுன்னு, அது டெலிகிராம்ல வராது. அது மாவட்ட நிர்வாகத்தோட சைட்ல வரும். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு சைட் இருக்கு, பேரு கடைசில என்ஐசி டாட் இன்னு முடியும், அதுல அறிவிப்புகள்னு ஒரு பட்டன், அதுக்குள்ள ஆட்சேர்ப்புன்னு இருக்கும். ஒருத்தனும் அத தொடமாட்டான் பாத்துக்க.

அதுல என்னெல்லாம் வரும்னா மாவட்ட நலவாழ்வுச் சங்கத்துல நர்சு, லேப் டெக்னீசியன், டேட்டா என்ட்ரி, குழந்தைகள் பாதுகாப்பு அலகுல கணக்கர், சமூகப் பணியாளர், கொடுமைக்கு ஆளான பொம்பளப் பிள்ளைகளுக்கு உதவுத ஒன் ஸ்டாப் சென்டர்ல கேஸ் ஒர்க்கர், மகளிர் திட்டத்துல வட்டார ஒருங்கிணைப்பாளர், சத்துணவு சமையலர், அங்கன்வாடி, தாலுகாவுல கிராம உதவியாளர், கூட்டுறவு ரேசன் கடை விற்பனையாளருக்கு மாவட்ட ஆள்சேர்ப்பு நிலையம்னு அது ஒரு தனி சைட். பாதி காண்ட்ராக்டு தான், தொகுப்பூதியம் (படி எதுவும் இல்லாம மாசம் ஒரே தொகை), பெர்மனென்ட் ஆகும்னு ஒருத்தன் சொன்னா நம்பாத. ஆனா ஜவுளிக்கடையில 12 மணி நேரம் நிக்கதுக்கு இது எவ்வளவோ தேவல, எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்டும் கெடைக்கும்.

என் கதைய சொல்லுதேன். 2021ல ஜாதிச் சான்று விஷயமா கலெக்டர் ஆபீஸ் போயிருந்தேன், வரிசை நகரவே இல்ல, சும்மா நோட்டீஸ் போர்டு பக்கம் போய் நின்னேன். கம்பி வலை போட்ட போர்டு, துரு ஏறி பூட்டு தொங்குது, உள்ள ஒரு ஏ4 தாள் மூணு குண்டூசியில சாய்ஞ்சு கெடக்கு, நாலாவது குண்டூசி விழுந்துட்டு போல. கண்ண சுருக்கிப் படிச்சா டேட்டா என்ட்ரி ஆபரேட்டர், ஒரு இடம், கடைசி நாள் நாளான்னைக்கு. போட்டோ எடுத்து வீட்டுக்கு வந்து விண்ணப்பம் எழுதி மறுநா நேர்ல கொண்டு போய் தபால் பிரிவுல குடுத்து சீல் வாங்கிட்டு வந்தேன். இன்டர்வியூக்கு மொத்தம் ஒம்பது பேரு. ஒம்பதே பேரு! அதே வருசம் நான் எழுதின பரீட்சைக்கு எங்க ஹால்ல மட்டும் 20 பேரு, எங்க ஸ்கூல்ல மட்டும் எத்தன ஹாலு. இன்னும் அந்த வேலையில தான் இருக்கேன்.

ஜெயங்கொண்டம்_பொண்ணு
செவ்வாய், மதியம் 2.10

அண்ணா நெஜமாவா, கடையில இருந்து ஒளிஞ்சு ஒளிஞ்சு டைப் பண்றேன். இப்பவே அரியலூர் சைட்ட பாக்குறேன்

ஒரகடம்_நைட்ஷிஃப்ட்
செவ்வாய், மாலை 5.48

எழுந்து இப்ப தான் பாக்குறேன். மேல சொன்னதெல்லாம் கவர்மென்ட் சைடு, பிரைவேட் பக்கமும் ஒருத்தர் சொல்லணும்ல. நான் டிப்ளமோ, ஒரகடத்துல ஆறு வருஷம், ரெண்டு கம்பெனி மாறியாச்சு. கம்பெனி நேரா எடுக்கறது ரொம்ப கம்மி, எல்லாம் காண்ட்ராக்டர் வழியா தான். ஊர்ல வேன் கொண்டு வந்து நிறுத்தி "சாப்பாடு, ரூம், பஸ் ஃப்ரீ"ன்னு ஏத்திட்டு வருவான், வந்தப்புறம் சம்பளத்துல ரூமுக்கு கட், சாப்பாட்டுக்கு கட், ஷூக்கு கட். நான் முதல்ல சேந்த இடத்துல சொன்னது 16, கையில வந்தது 11 சில்லறை. ஏழு பேரு ஒரு ரூம், ஷிப்ட் மாறி மாறி வர்றதால பாய் சூடு ஆறாம அடுத்தவன் படுப்பான்.

அதனால சேர்றதுக்கு முன்னாடி மூணு கேளுங்க. சம்பளம் எவ்ளோன்னு கேக்காதீங்க, கையில எவ்ளோ வரும்னு கேளுங்க. பிஎப் நம்பர் எப்ப தருவீங்கன்னு கேளுங்க, தந்தா மத்திய அரசோட உமாங் ஆப்ல மாசா மாசம் ஏறுதான்னு பாருங்க, நம்ம சம்பளத்துல புடிச்சுட்டு கட்டாம விடற காண்ட்ராக்டர் இருக்கான். 21,000க்குள்ள சம்பளம்னா இஎஸ்ஐ (ஆஸ்பத்திரி, விபத்துக்கான காப்பீடு) இருக்கணும், அது இல்லன்னா கை போனா கூட காசுக்கு நீங்க தான் அலையணும். மூணாவது, நைட்ஷிப்ட் முடிஞ்சா பஸ் எங்க வரைக்கும் விடும்னு. லேடீஸ்க்கு இது ரொம்ப முக்கியம். தங்க இடம் வேணும்னா அரசாங்கமே தோழி விடுதின்னு வேலைக்குப் போற பெண்களுக்கு நடத்துது, அத பாருங்க.

கோவைக்காரி
செவ்வாய், இரவு 8.25

ஏனுங்க, காண்ட்ராக்டர் வேண்டாம்னா இன்னொரு வழி இருக்குதுங்க. நான் இந்தப் பக்கம் ஒரு மில்லுல ஹெச்ஆர், முகாமுக்கு டேபிள் போட்டு உக்கார்ற ஆளு நானு. மாவட்ட வேலைவாய்ப்பு ஆபீஸ்லயே மாசம் ஒரு வெள்ளிக்கிழமை தனியார் வேலைவாய்ப்பு முகாம் நடக்கும், எந்த வெள்ளின்னு மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும், போன் போட்டு கேட்டுக்கோங்க. காசு கிடையாது. அரசாங்கத்தோட தனியார்துறை வேலை போர்டல் ஒண்ணும் இருக்குது, டிஎன் பிரைவேட் ஜாப்ஸ்னு தேடுங்க, ரெண்டு பக்கமும் ஃப்ரீ தான், நாங்களே அதுல வேலை போடறோம்.

ஆனா ஒண்ணு சொல்றனுங்க, கோவிச்சுக்காதீங்க. முகாமுக்கு வர்ற புள்ளைங்க 20 ஜெராக்ஸ் பயோடேட்டா எடுத்துட்டு வந்து எல்லா டேபிள்லயும் ஒண்ணு வச்சுட்டு போயிருவாங்க. எங்களுக்கு அது யாரு எவருன்னு ஒண்ணுமே தெரியாது. ரெண்டு நிமிசம் உக்காந்து பேசுங்க. போன வாரம் ஒரு புள்ள வந்துச்சு, பிஎஸ்சி மேத்ஸ் தான், "மில்லுல எனக்கு என்ன வேலை இருக்கும்"னு அதுவே கேட்டுச்சு. நான் புரொடக்சன் பிளானிங்ல எக்செல் பாக்கத் தெரியுமான்னு கேட்டேன், தெரியாது, ஆனா கடையில டேலி பில்லு போடுவேன்னுச்சு. எடுத்துக்கிட்டோம். @ஜெயங்கொண்டம்_பொண்ணு உங்க பயோடேட்டாவுல பில்லிங் வேலைய எழுதியிருக்கீங்களா இல்ல வெக்கப்பட்டு விட்டுட்டீங்களா?

ஜெயங்கொண்டம்_பொண்ணு
செவ்வாய், இரவு 10.15

விட்டுட்டேன் அக்கா 🙈 ஜவுளிக்கடைன்னு எப்படி போடறதுன்னு

கோவைக்காரி
செவ்வாய், இரவு 10.17

போடுங்கோ முதல்ல!! ரெண்டு வருசம் கல்லாவுல கணக்கு தப்பாம நின்ன புள்ளைங்கிறது எங்களுக்கு பெரிய விசயம்ங்க

ஜாப்_கன்சல்டன்சி_தமிழ்
புதன், காலை 7.00

[இந்தப் பதிவு நீக்கப்பட்டது]

மாடரேட்டர்
புதன், காலை 7.31

மேல ஒருத்தர் "ஏர்போர்ட் கிரவுண்ட் ஸ்டாப், 35,000 சம்பளம், நேரடி நியமனம்"னு வாட்ஸப் நம்பர் போட்டிருந்தார், தூக்கியாச்சு. யாராச்சும் அந்த நம்பர சேவ் பண்ணியிருந்தா டெலிட் பண்ணிருங்க.

குரூப்ஃபோர்_வீரன்
புதன், காலை 8.12

இந்த ஏர்போர்ட் மேட்டர்ல என் பிரண்டு மாட்டினான். முதல்ல 2,500 யூனிபார்முக்கு, கட்டினான். அப்புறம் 6,000 மெடிக்கலுக்கு, கட்டினான். ஆபர் லெட்டர் வந்துச்சு, அசோகச் சக்கரம் போட்டு கலர் பிரிண்ட், அதுல "மேனேஜர்"னு கையெழுத்துக்குக் கீழ ஜிமெயில் ஐடி. அப்ப கூட அவனுக்கு சந்தேகம் வரல, ஏன்னா ஏற்கனவே 8,500 போட்டாச்சு, இப்ப சந்தேகப்பட்டா அது போயிடுமே. மொத்தம் 41,000 போச்சு. சைபர் கிரைம் நம்பர் 1930க்கு போன் பண்ண சொன்னேன், பண்றதுக்குள்ள ஒரு வாரம் ஓடிருச்சு. காசு போன அன்னிக்கே பண்ணினா தான் அக்கவுன்ட்ட முடக்க சான்ஸ் இருக்கு.

அரசு வேலைக்கு பதிவுக் கட்டணம், பரீட்சை கட்டணம் தவிர எதுக்கும் காசு கிடையாது. டிஎன்பிஎஸ்சில ஒரு தடவ பதிவுக்கு 150, அது 5 வருஷத்துக்கு, அப்புறம் குரூப் 4 பரீட்சைக்கு 100. எஸ்சி எஸ்டிக்கு அந்த 100 கிடையாது, பிசி எம்பிசிக்கு மூணு தடவ ஃப்ரீ. சைட் பேரு கவ் டாட் இன், இல்ல என்ஐசி டாட் இன்னு முடியுதான்னு பாருங்க, நடுவுல கவ்னு வந்து கடைசில டாட் காம்னு முடிஞ்சா ஓடிருங்க.

ராம்நாடு_ராசா
புதன், காலை 11.40

இதே தான் வெளிநாட்டுக்கும். எங்க பக்கம் வீட்டுக்கு ஒருத்தன் கல்ஃப்ல. விசிட் விசாவுல போய் அங்க மாத்திக்கலாம்னு எவன் சொன்னாலும் போகாதீங்க, கம்போடியாவுக்கு டேட்டா என்ட்ரின்னு கூட்டிட்டுப் போய் ஆன்லைன் மோசடி பண்ண விட்ட கதையெல்லாம் நம்ம ஊர்ப் பசங்களுக்கு நடந்தது தான். ஏஜென்ட் மத்திய அரசோட இமைக்ரேட் சைட்ல இருக்கானான்னு பாருங்க, அப்படி பதிஞ்ச ஏஜென்ட்டு சர்வீஸ் சார்ஜ் 30,000மும் ஜிஎஸ்டியும் தான் வாங்கலாம், மேல வாங்கினா அது சட்டப்படி தப்பு. தமிழ்நாடு அரசே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம்னு 1978ல இருந்து நடத்துது, நர்ஸ், டிரைவர், டெக்னீசியன் எல்லாம் எடுப்பாங்க. எங்க மாமா அது வழியா தான் போனாரு. மெதுவா தான் நடக்கும் ஆனா வீட்ட அடமானம் வைக்க வேண்டி வரல.

பழைய_கிளார்க்
புதன், மதியம் 12.15

பத்தாவது மார்க் நல்லா இருந்தா தபால் துறை ஜிடிஎஸ்ஸ (கிராம அஞ்சல் ஊழியர் வேலை) விட்றாதம்மா. பரீட்சையே கிடையாது, பத்தாவது மார்க்க வச்சு மெரிட். பத்தாவதுல தமிழ் படிச்சிருக்கணும். போஸ்ட் மாஸ்டர்னா 12,000, உதவியாளர்னா 10,000ல தொடங்கி அகவிலைப்படி தனியா. நாலு அஞ்சு மணி நேர வேலை, மீதி நேரம் படிக்கலாம். எத்தன மார்க்கு?

ஜெயங்கொண்டம்_பொண்ணு
புதன், மதியம் 12.50

436 ஐயா

பழைய_கிளார்க்
புதன், மதியம் 1.05

கஷ்டம் தான். கட் ஆஃப் ரொம்ப மேல போகும். போட்டு வை, ஆனா அதையே நம்பி உக்காராத.

குரூப்ஃபோர்_வீரன்
புதன், இரவு 9.30

குரூப் 4 பத்தியும் சொல்லிடறேன், நான் மூணாவது தடவ. 2024ல அறிவிச்சது 6,244 இடம், அப்புறம் ஏறிக்கிட்டே போய் 9,000த்த தாண்டுச்சு, அப்ளை பண்ணது 20 லட்சம் பேருக்கு மேல. 2025ல அறிவிக்கும்போது 3,935. 200 கேள்வி, அதுல 100 தமிழ், அந்தத் தமிழ்ல 40 சதவீதம் எடுக்கலன்னா மீதி 100ஐ திருத்தவே மாட்டாங்க. மேத்ஸ் படிச்சவங்களுக்கு 25 கேள்வி ஆப்டிடியூட் ஈசி, அதனால சிஸ்டர் தமிழ்ல ஸ்கூல் புக்க முழுசா முடிங்க, கைடு வேண்டாம், ஆறாவதுல இருந்து புக்கு.

தமிழ் மீடியமா படிச்சீங்க? 20 சதவீதம் தனி ஒதுக்கீடு இருக்கு. ஆனா ஒண்ணாவதுல இருந்தே தமிழ் மீடியம்னு ஸ்கூல்ல சர்டிபிகேட் வாங்கணும், ஸ்கூல் மாறியிருந்தா ஒவ்வொரு ஸ்கூல்லயும், அதுவும் டிஎன்பிஎஸ்சி கொடுத்த பார்மட்ல. எனக்கு ரேங்க் வந்தும் இதுல தான் போச்சு. நான் அஞ்சாவது வரைக்கும் படிச்ச ஸ்கூல மூடிட்டாங்க, ரெக்கார்டு எங்க இருக்குன்னு வட்டாரக் கல்வி ஆபீஸ்ல தேடி எடுக்கறதுக்குள்ள அப்லோடு தேதி முடிஞ்சிருச்சு. பீரோவ தொறக்கும்போதெல்லாம் பிளானர் கண்ல படும், கூடவே அதுவும் ஞாபகம் வரும். ரிசல்ட் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க, இந்த வாரமே ஸ்கூலுக்குப் போங்க.

நெல்லை_மச்சான்
புதன், இரவு 9.50

எல வீரா இத நீ முன்ன சொல்லவே இல்லியேடே. மனசுக்கு கஷ்டமா இருக்கு

குரூப்ஃபோர்_வீரன்
புதன், இரவு 9.52

விடு மச்சான். இப்ப ரெடியா இருக்கு, நாலு காப்பி, லேமினேஷன் பண்ண வேண்டாம்னு சொன்னாங்க அதனால பிளாஸ்டிக் பைல்ல

பழைய_கிளார்க்
வியாழன், காலை 6.10

மாவட்ட வேலைவாய்ப்பு ஆபீஸ்லயே தன்னார்வ பயிலும் வட்டம்னு ஒண்ணு இருக்கு, போட்டித் தேர்வுக்கு இலவச வகுப்பு, மாதிரித் தேர்வு எல்லாம் நடக்கும். ஆபீஸ் ஆபீஸா சுத்த முடியாதவங்களுக்கு தமிழ்நாடு கேரியர் சர்வீசஸ்னு சைட்ல பாடக்குறிப்பு இருக்கு. காசு கட்டி கோச்சிங் போற பசங்க இந்தப் பக்கம் எட்டிக் கூட பாக்கறதில்ல. எங்க ஆபீஸ்ல ஒரு வருஷம் வகுப்பு நடத்தினப்ப 60 நாற்காலி போட்டோம், வந்தது 14 பேரு. அந்த 14ல அஞ்சு பேரு இப்ப சர்வீஸ்ல இருக்காங்க, ஒருத்தி போன தீபாவளிக்கு முறுக்கு கொண்டு வந்து கொடுத்தா.

ஜெயங்கொண்டம்_பொண்ணு
அடுத்த வாரம், புதன், இரவு 10.30

எல்லாருக்கும் அப்டேட். டெலிகிராம்ல 11ல 10 குரூப் விட்டாச்சு (ஒண்ணு காலேஜ் பிரண்ட்ஸ் குரூப், அத விட முடியாது 😄). டிகிரிய பதிஞ்சாச்சு. ஸ்கூலுக்குப் போனேன், எச்எம் மேடம் என்ன ஞாபகம் வச்சிருந்தாங்க, தமிழ்வழிச் சான்று வெள்ளிக்கிழமை வாங்கிக்க சொன்னாங்க. அம்மாகிட்ட டிகிரி விஷயத்த சொல்லிட்டேன், ரெண்டு நாள் பேசல, மூணாவது நாள் "அந்த கார்டு இப்ப செல்போன்ல இருக்கா, காட்டு"ன்னு கேட்டு கண்ணாடி போட்டு பாத்தாங்க.

முக்கியமானது, மச்சான் அண்ணா சொன்ன மாதிரி கடையில அர நாள் லீவு கேட்டு அரியலூர் கலெக்டர் ஆபீசுக்கே போனேன். சைட்ல இருந்த அறிவிப்பு தான் போர்டுலயும் இருந்துச்சு, கணக்கர் கம் கம்ப்யூட்டர் ஆபரேட்டர், ஒரு இடம், காண்ட்ராக்டு. டிகிரியும் கம்ப்யூட்டர் சர்டிபிகேட்டும் கேக்குறாங்க, எனக்கு ரெண்டும் இருக்கு. ஒரு வருஷ முன் அனுபவம் வேணுமாம், கடை முதலாளிகிட்ட பயந்து பயந்து கேட்டேன், "போறியா"ன்னு மட்டும் கேட்டுட்டு லெட்டர் பேட்ல எழுதி சீல் வச்சு கொடுத்துட்டார். கடைசி நாள் வர்ற திங்கள், மாலை 5.45. இன்னொரு தடவ லீவு கேக்க முடியாது, அதனால தபால்ல தான் அனுப்பணும். ஸ்பீடு போஸ்ட்ல போட்டா போதுமா? கவர் மேல என்ன எழுதணும்?

பழைய_கிளார்க்
அடுத்த வாரம், வியாழன், காலை 6.05

நாளைக்கே போடு, சனிக்கிழமைக்கு தள்ளாத. அவங்க கணக்குல நீ போட்ட தேதி இல்ல, அவங்க கைக்கு வந்த தேதி. கவர் மேல இடது பக்கம் "இன்ன பதவிக்கான விண்ணப்பம்"னு பதவி பேர நோட்டீஸ்ல இருக்கிற மாதிரியே எழுது, சுருக்காத. சர்டிபிகேட் எல்லாம் ஜெராக்ஸ் தான், ஒரிஜினல் வச்சிராத, ஒவ்வொண்ணுலயும் சுயசான்று கையெழுத்து போடு. போட்டோ பின் அடிக்காம ஒட்டு, பின் அடிச்சா கழண்டுடும், நான் எத்தன மூஞ்சிய தரையில இருந்து பொறுக்கியிருக்கேன் தெரியுமா.

நெல்லை_மச்சான்
அடுத்த வாரம், வியாழன், காலை 7.20

தபால் வேண்டாம் தங்கச்சி, அண்ணன் இருக்கான்லா, அவன்கிட்ட குடுத்து விடு. தபால் பிரிவுல குடுத்து நகல்ல சீல் வாங்கிட்டு வரச் சொல்லு. சீல்ல தேதி தெளிவா விழுந்திருக்கான்னு பாக்கச் சொல்லு, எனக்கு மொத தடவ வெறும் வட்டம் மட்டும் தான் விழுந்துச்சு.

ஜெயங்கொண்டம்_பொண்ணு
அடுத்த வாரம், வியாழன், இரவு 9.48

அண்ணன் நாளைக்குப் போறான். பெட்ரோலுக்கு 200 கேக்குறான்.